பானை பொங்குகிறது, அரிசி வேகவில்லை

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று தைப்பொங்கல் ஆகிறது. மூன்றுமே சரியாக வரவில்லை. முதல் வருசம் பானை நன்றாகப் பொங்கி வழிந்தது, ஆனால் அரிசி விதை விதையாக நின்றது. சர்க்கரை போட்டபிறகு எவ்வளவு எரித்தும் மசியவே இல்லை. அடுத்த வருசம் பால் திரிந்து திட்டுத்திட்டாகிவிட்டது. போன தையில் புதுப்பானை அடுப்பிலேயே வெடித்துவிட்டது. அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் முகம் வாடிப் போனார்கள். "குக்கரில் அவித்துப் பானைக்கு மாற்றிவிடு" என்கிறார் மாமி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையில் பொங்குவதற்கு வேறு பக்குவம் இருக்கிறதா? எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலுக்கு ஏழரை மணிவரை வெயிலே வராது, அதற்கு என்ன செய்வது? பட்டிப் பொங்கலன்று மிஞ்சிய பொங்கலை மாட்டுக்கு வைக்கலாமா?

ஒரு வாசகி, கந்தப்பளை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இல்லை. பிறந்த வீட்டுக் கணக்கை ஆறாயிரம் அடிக்கு மேலே கொண்டுவந்து பொங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மூன்று வருசமும் நடந்தவற்றுக்கு வேறு வேறு காரணம் உண்டு. மூன்றையும் தவிர்க்கலாம்.

முதலில் அரிசி. வவுனியாவில் தண்ணீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். உயரம் 300 மீற்றர் கூடினால் கொதிநிலை சுமார் 1 பாகை இறங்கும். ஹட்டனில் 96 பாகையை ஒட்டிக் கொதித்துவிடும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகைதான், உங்கள் கந்தப்பளையிலும் அதே கதை. கொதிக்கத் தொடங்கிய தண்ணீர், விறகை எவ்வளவு திணித்தாலும் அதற்குமேல் சூடேறாது. ஆவியாகத்தான் போகும். அதனால் பால் நுரைத்துப் பொங்குவதற்குக் குறைவில்லை, பொங்கியபிறகு அரிசி வேகத்தான் நேரம் பிடிக்கிறது. கீழ்நாட்டில் 20, 25 நிமிடத்தில் குழைகிற பச்சையரிசிக்கு இங்கே முக்கால் மணி நேரம் வேண்டும். மலையில் பொங்குவது வேறு, வேகுவது வேறு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அரிசியை ஊற வையுங்கள். வெள்ளைப் பச்சையரிசிக்கு ஒரு மணி நேரம், சிவப்புப் பச்சையரிசிக்குத் தவிடு தண்ணீரை லேசில் உள்ளே விடாது என்பதால் இரண்டு மணி நேரம். குளிர்ந்த தண்ணீரில் அரிசி மெதுவாகத்தான் ஊறும், கை பொறுக்கும் வெந்நீரில் போடுங்கள். ஊறிய மணியை நகத்தால் அழுத்தினால் மாவாக உடைய வேண்டும். நடுவில் கண்ணாடி போல ஒரு கீற்று தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. கடையில் சம்பா என்று கொடுப்பது பெரும்பாலும் புழுங்கல், அது வேகும், ஆனால் குழையாது. பருப்பை மணம் வர வறுத்து, அதையும் ஊற வையுங்கள். பழைய பருப்பு எந்த ஊரிலும் வேக மறுக்கும், மலையில் கேட்கவே வேண்டாம்.

அரிசி வெந்து மசியும் முன் சர்க்கரை (வெல்லம்) விழுந்ததுதான் முதல் வருசத்துத் தவறு. இனிப்பு, மணிக்குள் போக வேண்டிய தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மாப்பொருள் இளகுவதற்கு வேண்டிய சூட்டையும் கூட்டிவிடும். 94 பாகையில் அது இன்னும் சிரமம். சர்க்கரையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பையும் இறுக்கிவிடும். சர்க்கரை விழுந்தபின் எவ்வளவு எரித்தாலும் மசியாமல் நின்றது இதனால்தான். அகப்பையால் ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நசுக்கிப் பாருங்கள். விரலில் பசையாக ஒட்டி, நடுவில் நெருடல் இல்லாமல் இருந்தால்தான் சர்க்கரை.

அளவு சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சுண்டால் (அரிசி அளக்கும் சிறு டின்) அளந்துகொள்ளுங்கள். அரிசி இரண்டு சுண்டு, பருப்பு அரைச் சுண்டு. பானையில் முதலில் தண்ணீர் எட்டுச் சுண்டு, பசும்பால் இரண்டு சுண்டு. இது கழுத்துக்கு மூன்று விரல் கீழே நிற்கிற அளவில் பானை வாங்குங்கள். பெரிய பானையில் கால்வாசிக்கு ஊற்றினால் நுரை விளிம்புக்கே வராது. பாலை மட்டும் கூட்டிவிடாதீர்கள், மண்பானையில் அடிப்பிடித்து முழுப் பொங்கலுக்கும் தீய்ந்த வாடை ஏறும். பொங்கி வழிந்ததும் மூன்று கைப்பிடி அரிசியைப் பானையைச் சுற்றிக் காட்டி உள்ளே போடுவது வழக்கம். அதற்குப் பிறகு பொங்கிய நீரில் மூன்று சுண்டு கோலி ஒரு கேத்தலில் ஊற்றி அடுப்போரம் சூடாக வையுங்கள். மிச்ச அரிசியும் பருப்பும் உள்ளே போகட்டும். நீர் வற்ற வற்றக் கேத்தலில் இருப்பதை ஊற்றுங்கள், போதாவிட்டால் வெந்நீர் இன்னும் இரண்டு மூன்று சுண்டு தேவைப்படும். பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. வேகுதலும் நிற்கும், பானையும் கீறும். பொங்கி முடிந்ததும் மூடி போட்டு வையுங்கள். மூடியால் கொதிநிலை ஏறாது, ஆனால் மேலே நிற்கிற அரிசியில் தை மாதக் குளிர்காற்று படாது.

அடுத்தது பால் திரிந்த கதை. நாள்பட்ட சர்க்கரை லேசாகப் புளித்திருக்கும். கொதிக்கிற பாலில் அந்தப் புளிப்பு விழுந்தால் திரியும். சர்க்கரை 400 கிராமை அரைச் சுண்டு தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, துணியில் வடித்து, கொஞ்சம் ஆற வையுங்கள். வடிக்கும்போது அடியில் தங்குகிற மணலைப் பார்த்தால் ஏன் வடிக்கச் சொல்கிறேன் என்று விளங்கும். அரிசி குழைந்து கெட்டியானபின், தணலை இழுத்துவிட்டு, வடித்த சர்க்கரைப் பாகைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுங்கள். குழைந்த அரிசியின் மாப்பசை பாலைத் திரியவிடாமல் காக்கும். கித்துள் பனையின் கருப்பட்டி போட்டால் மணம் தனி. ஆனால் சீனி கலந்ததுதான் அதிகம் விற்கிறது, அறிந்தவரிடம் வாங்குங்கள். தேங்காயின் முதல் பால் ஒரு சுண்டு எல்லாவற்றுக்கும் கடைசி. அடுப்பை விட்டு இறக்குகிற நேரத்தில் ஊற்றி ஒரு கிளறு, போதும். அதைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். நெய்யில் வறுத்த கஜு (முந்திரிப் பருப்பு), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), ஏலக்காய் உங்கள் விருப்பம்.

பானை வெடித்ததைச் சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் உறுதியாகச் சொல்லுங்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் நீர் இருக்கும்போது சடாரென்று பெருந்தீ வைத்தால் அந்த நீர் ஆவியாகி விரியும், பானை பிளக்கும். பொங்கலுக்கு முதல்நாள் வாங்கி அன்றே கழுவி மறுநாள் ஏற்றும் பானைகளுக்குத்தான் இது நடக்கிறது. ஒரு வாரம் முன்னதாக வாங்குங்கள். வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் நல்லது. மொத்தையாகச் சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில் மூழ்க வைத்து, நிழலில் காய விடுங்கள். கீழே ஒரு நாளில் காய்வது இங்கே ஈரக்காற்றில் மூன்று நாள் எடுக்கும். காய்ந்தபின் அரிசி கழுவிய நீரை ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம் சூடாக்கி, அடுப்பிலேயே ஆற விடுங்கள். அரிசிக் கஞ்சி துளைகளை அடைக்கும். பொங்கலன்று இறக்கியதும் குளிர்ந்த சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

அடுப்பும் பானையைக் கெடுக்கும். நனைந்த மண்ணில் கல் வைத்து எரித்தால் பாதிச் சூடு நிலத்து ஈரத்தை உலர்த்தவே போய்விடும். செங்கல்லைப் படுக்க வைத்து அதன்மேல் சாம்பல் பரப்பி, மேலே மூன்று கல் நிறுத்துங்கள். தரைக்கும் பானைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து மறையுங்கள், இல்லாவிட்டால் தீ ஒரே பக்கமாகச் சாய்ந்து அந்தப் பக்கம் மட்டும் காய்ந்து கீறும். கவ்வாத்து மிலார் (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகள்) நன்றாகக் காய்ந்திருந்தால் அதைவிட நல்ல எரிபொருள் இல்லை. சடசடவென்று பிடிக்கும், பொங்க வைக்க அதுதான் சரி. பொங்கியபிறகு தடித்த கட்டை இரண்டை நுழைத்துத் தணலில் வேக விடுங்கள். மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டுவதற்கு நனைத்த வாழைநார் நல்லது. காய்ந்த கயிறு தீ நாக்குப் பட்டதும் அறுந்து இலை அடுப்பில் விழும்.

இனி மாமி சொன்ன குக்கர். அதை ஒரேயடியாக மறுக்க மாட்டேன். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 115 பாகைக்கு மேலே போகும், மலையில் பருப்பு வேக அதைவிட நல்ல வழி இல்லை. பருப்பை முதல்நாளே அவித்து வையுங்கள், மாமிக்கும் திருப்தி. அரிசி மட்டும் பொங்கிய பானையில் விழுந்து அங்கேயே வேகட்டும். வேறெங்கோ அவித்த சோற்றைப் பானையில் கொட்டினால் அது பரிமாறுகிற பாத்திரம்தான், பொங்கல் பானை இல்லை. நெல் விளையாத மலையில், கடை அரிசியில் பொங்குகிறோம். அந்த அரிசி நம் வாசல் நெருப்பில் வெந்தது என்பதாவது மிஞ்ச வேண்டும்.

வெயில் விசயம். தை முதலாம் நாளன்று நம் நாட்டில் சூரியன் ஆறரைக்குச் சற்று முன்பே உதித்துவிடும். உங்களுக்கு எதிர்மேடு மறைக்கிறது, அதனால் உதயம் நடக்கவில்லை என்று ஆகாது. பஞ்சாங்கத்தில் உள்ள நேரத்துக்கே பொங்குங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நேரம் வேறுபடும். உங்கள் தோட்டத்துக் கோவிலில் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வந்தபிறகு படையல் வைத்தாலும் குறையில்லை. கோலத்தை நேர்கிழக்குக்குப் போடாதீர்கள். தை பிறக்கும்போது சூரியன் கிழக்கிலிருந்து தெற்காக 21 பாகை தள்ளி உதிக்கும், மேடு தாண்டி ஏறி வரும்போது இன்னும் கொஞ்சம் தெற்கே இருக்கும். கிழக்கே பார்த்துக் கையை நேரே நீட்டி முட்டி பிடியுங்கள். ஒரு முட்டி அகலம் ஏறக்குறைய 10 பாகை. வலது பக்கமாக இரண்டு முட்டியும் ஒரு விரலும் தள்ளினால் அதுதான் திசை. காய்ந்த மாவில் போட்ட கோலம் பனியில் ஊறிப் பரவிவிடும், அரிசியை அரைத்துக் கரைத்த மாவால் முதல்நாள் மாலையே இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) போட்டு உலர விடுங்கள்.

மாட்டுக்குப் பொங்கல் கொடுக்கலாம், ஒரு கைப்பிடி மட்டும். மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று வாளியில் வைத்துவிடாதீர்கள். குழைந்த சோறும் இனிப்பும் மாட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அசைபோடுவது நிற்கும், இடது பக்க விலா உப்பும், ஒரே நாளில் மாடு விழுந்துவிடக்கூடும். அப்படி உப்பினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை வைத்தியரை உடனே கூப்பிடுங்கள். கொம்புக்குப் பெயின்ற் வேண்டாம், மஞ்சளும் குங்குமமும் போதும். மாலையையும் நைலோன் நூலில் கோக்காமல் வாழைநாரில் கட்டுங்கள். மாடு மாலையைத் தின்றே தீரும். நைலோன் வயிற்றில் கிடந்து சிக்கும், வாழைநார் செரித்துவிடும்.

அன்புடன்.