கவாசாகி நோய்: பேரனுக்குப் புது மருந்து கேட்கலாமா?

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயது, 16 கிலோ. ஆறு நாள் விடாத காய்ச்சல், கண் சிவந்து, உதடு வெடித்துப்போனது. ரத்தக்குழாய் அழற்சியான கவாசாகி நோய் என்று டர்பனில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றினார்கள். அப்படியும் காய்ச்சல் நிற்காததால் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இப்போது ஒரு மாதம் ஆகிறது, ஓடி விளையாடுகிறான். எக்கோவில் (இதய ஸ்கேன்) ‘இசட் 2.8’ என்று இருக்கிறது. ரத்தக்குழாய் அழற்சிக்குப் புது மருந்துகள் வந்திருக்கிறதாமே, கேட்கலாமா?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

பதில்: காய்ச்சல் திரும்பவில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கிவிட்டது என்றால் இப்போது தேவையில்லை அம்மா. நீங்கள் படித்த மருந்துகள் எல்லாம் அழற்சி மும்முரமாக இருக்கும் முதல் சில வாரங்களுக்கானவை.

இம்யூனோகுளோபுலின் அளவு கிலோவுக்கு 2 கிராம். உங்கள் பேரனுக்கு 32 கிராம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் ஏற்றினால் இதயத் தமனி வீங்கும் ஆபத்து நாலில் ஒன்றிலிருந்து நூற்றுக்கு நாலைந்தாகக் குறைகிறது. ஆனால் பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு அது மட்டும் போதவில்லை. ஆராய்ச்சி நடப்பது இவர்களுக்காகத்தான். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டையும் சேர்த்தால் தமனி பாதிப்பு குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது. 2021-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இரண்டாம் முறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதைவிட இன்ஃப்ளிக்சிமாப் என்னும் அழற்சி தடுக்கும் மருந்து காய்ச்சலைச் சீக்கிரம் தணித்தது. ‘இன்டர்லூகின்-1’ என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் எலிகளின் இதயத் தமனி காப்பாற்றப்படுகிறது. அதைத் தடுக்கும் அனகின்ராவைக் குழந்தைகளிலும் சோதித்து வருகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனால் ஏற்கெனவே விரிந்துவிட்ட தமனியைச் சுருக்கும் மருந்துகள் அல்ல இவை.

இசட் என்பது, அவன் உடல் அளவுக்கு இதயத் தமனி இயல்பைவிட எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற கணக்கு. 2.8 என்பது சிறிய வீக்கம். (2.5-இல் தொடங்கி 5-க்குள் இருந்தால் சிறியது. 10-ஐத் தொட்டால் ராட்சத வீக்கம்.) சிறிய வீக்கங்களில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் இயல்பு அளவுக்குத் திரும்பிவிடும். அதுவரை கவலை ரத்தக் கட்டிதான். அதைத் தடுப்பது ஆஸ்பிரின்: தினமும் கிலோவுக்கு 3–5 மி.கி., அவனுக்கு 48–80 மி.கி. பலர் தவறுவது இங்கேதான். வீக்கமே இல்லாத குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்துவார்கள். அதைக் கேட்டுவிட்டு நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். எக்கோ பார்த்து இதய மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பனடோ (பாரசிட்டமால்) கொடுக்கலாம். நியூரோஃபென் வேண்டாம், அதிலுள்ள ஐபுபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். தலைவலிக்கான கிராண்ட்-பா பவுடரிலும் ஆஸ்பிரின் இருக்கிறது, அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீண்டும் காய்ச்சல் வந்தாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், நோய் திரும்பியிருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு நெஞ்சுவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத வாந்தி, வயிற்றுவலி, வெளிறிப்போதல், வியர்வை, அடங்காத அழுகை என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை இம்யூனோகுளோபுலின் ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். முன்னால் போட்டால் சரியாகப் பிடிக்காது. ஃப்ளூ ஊசி மட்டும் குளிர்காலம் வருமுன் கட்டாயம், வீட்டுப் பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் அபூர்வமாக வரலாம். பள்ளியில் யாருக்காவது சின்னம்மை என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.