தந்தி என்றால் என் மகளுக்கு நாளிதழ்

கேள்வி: உங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொரு விதமாகப் பொருள்படும் விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு. வெளியூரிலிருந்து வரும் சேதி.

போன வருடம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு என் அப்பா போன் செய்தார். நாலரைக்கே எழுந்துவிடுகிறவர் அவர். மகள் போனை எடுக்கவில்லை. அடுத்த நிமிடம் எனக்கு அழைத்தாள், குரல் உடைந்திருந்தது. "அப்பா, தாத்தாவுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அதைப் பேத்தியிடம் முதலில் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார்.

அவளும் அவள் தோழிகளும் நாளெல்லாம் பேசிக்கொள்கிறவர்கள்தான். ஆனால் எழுத்தில், வாய்ஸ் நோட்டில். குரலில் பேச வேண்டுமென்றால் முதலில் "கூப்பிடலாமா?" என்று கேட்டு ஒரு மெசேஜ் வரும். அப்படிக் கேட்காமல் மணி அடித்தால் அவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்தப் பயத்தை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். என் ஆச்சிக்கு இருந்தது.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். ஆச்சியின் காலத்தில் தெருவுக்குள் தந்திக்காரர் சைக்கிளைத் திருப்பினாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆச்சி காகிதத்தைக் கையில் வாங்கமாட்டாள். "நல்லதாய்யா?" என்று முதலில் கேட்பாள். அவர் தலையாட்டிய பிறகுதான் வாங்குவாள். அதன்பின் அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓட வேண்டும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சித்தப்பா பட்டாளத்தில் பதான்கோட்டில் இருந்தார். 1976-ல் அத்தைக்குக் கல்யாணம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று ஒரு தந்தி அடித்தால் உடனே விட்டுவிடுவார்கள் என்று ஊரில் யோசனை சொன்னார்கள். பட்டாளத்துப் பிள்ளைகள் இருந்த பல வீடுகளில் நடந்ததுதான் அது. தந்திக்கு வார்த்தை எண்ணிக் காசு, அதனால் எல்லார் வீட்டிலும் அதே நாலு வார்த்தை. ஆச்சி சம்மதிக்கவில்லை. "மூணு நாள் ரயில்ல எம்புள்ள அழுதுக்கிட்டே வரணுமா? அவன் வராட்டாலும் பரவால்ல" என்றாளாம். சித்தப்பா இல்லாமலேதான் கல்யாணம் நடந்தது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்.

மகளிடம் தந்தி என்று சொன்னால் நாளிதழைத்தான் நினைக்கிறாள். அந்த நாளிதழுக்கு 1942-ல் மதுரையில் ஆதித்தனார் ஏன் அப்படிப் பெயர் வைத்தார் என்பதையே விளக்க வேண்டியிருந்தது. அன்று சாதாரண ஜனங்களுக்குத் தந்தியை விட வேகமான சேதி கிடையாது. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

அப்பாவின் தலைமுறைக்கு டிரங்க் கால், அதாவது எக்ஸ்சேஞ்ச் வழியாக இணைத்துத் தரும் வெளியூர் போன். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கிடைத்தால் மூன்று நிமிடம், அதுவும் கத்திப் பேசினால்தான் கேட்கும். இன்றைக்கும் அப்பா ஸ்மார்ட்போனில் கத்தித்தான் பேசுகிறார். இரண்டாவது நிமிடமே "வைக்கட்டுமா?" என்பார். கல்யாணமான புதிதில் என் மனைவி, மாமாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து வருந்தினாள். அவருடைய காதில் இன்னும் அந்த மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிய வைக்க எனக்கு நாளானது.

நான் 1998-ல் கோவைக்குப் படிக்கப் போனேன். எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தோம், கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "பி.பி." என்று போட்டிருக்கும். இரவு ஏற ஏற எஸ்.டி.டி. எனும் வெளியூர் அழைப்பின் கட்டணம் இறங்கும் என்பதால் சாப்பாடு முடித்து பூத் வாசலில் வரிசையில் நிற்போம். கண்ணாடி அறைக்குள் தலைக்கு மேலே கட்டண மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடும். முதல் முறை அழைத்து "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தால் அம்மா மூச்சிரைக்க "சாப்டியா?" என்பாள். நான் கேட்க நினைத்ததெல்லாம் அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்தவுடன் தொண்டையிலேயே நின்றுவிடும். பேசாமல் விட்டவை எத்தனையோ. அம்மா இப்போது இல்லை.

பிறகு சென்னையில் வேலை, கையில் செல்போன். 2003 மே வரை, வந்த அழைப்பை எடுத்தாலும் நமக்குக் காசு போகும். மகள் இதை நம்பவே மறுக்கிறாள். "அவங்க கூப்பிட்டா நீங்க ஏம்ப்பா காசு கொடுக்கணும்?" சரியான கேள்விதான்.

அதனால் மிஸ்டு காலே எங்களுக்கு ஒரு மொழியானது. ஒரு ரிங் என்றால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் கூப்பிடு. ஊரிலிருந்து வரும் ஒரு ரிங்குக்காக நான் விழித்துக் கிடந்த இரவுகள் உண்டு. 2016-ல் ஜியோ வந்து பேசுவதற்குத் தனிக் காசு இல்லை என்று ஆனதும் அந்த மொழிக்குத் தேவை போய்விட்டது. மகளைப் பொறுத்தவரை மிஸ்டு கால் என்பது கவனிக்காமல் விட்ட அழைப்பு, அவ்வளவுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேசவே தெரியவில்லை என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். ஆச்சி சேதிக்குப் பயந்தாள், அப்பா நிமிடத்துக்குப் பயந்தார், நான் மீட்டருக்குப் பயந்தேன், மகள் மணிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள். இதில் யாருடைய பயம் பொய்?

கொடைக்கு ஊருக்கு வந்தவள் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் மைக் பொத்தானைக் காட்டிக் கொடுத்தாள். அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும் என்பது அவருக்குப் பிடிபட ஒரு மாலை முழுக்க ஆனது. இப்போது அவளை அழைப்பதற்கு முன்னால் தவறாமல் ஒன்று அனுப்புகிறார். மகள் எனக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னாள். ஒன்பது நொடி, உச்சக் குரலில்:

"பாப்பா, தாத்தா பேசுதேன். எல்லாரும் நல்லா இருக்கோம். ஒண்ணுமில்ல, சும்மாதான். இப்ப கூப்பிடுதேன், எடு."