கில் மைனஸ் 9 கொடுத்தும் நிரல் சாகவில்லை, ஏன்?

லினக்ஸில் ஒரு நிரலுக்கு மூன்று முறை கில் மைனஸ் 9, அதாவது கட்டாயமாக நிறுத்தும் கட்டளை, கொடுத்தும் அசையவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது முறை கொடுக்காதீர்கள். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ் ஏயுஎக்ஸ்’ அடித்து, ‘ஸ்டாட்’ பத்தியில் அதற்கு நேரே என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

எஸ் (தூங்குகிறது), ஆர் (ஓடுகிறது) என்றிருந்தால் நிரலின் எண் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் கொல்லக் கொல்ல, சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி அதை மீண்டும் கிளப்பிவிடுகிறதோ என்னவோ.

இசட் என்றால் அது ஏற்கெனவே இறந்துவிட்டது. ரேஷன் அட்டையில் பெயர் மட்டும் நீக்கப்படவில்லை. அந்தப் பெயரை நீக்கும் பொறுப்பு அதைத் தொடங்கிய தாய் நிரலுடையது. ‘பிஎஸ் மைனஸ் ஈஎஃப்’ காட்டும் பிபிஐடிதான் தாயின் எண். தாயை நிறுத்தினால் இதுவும் போய்விடும்.

டி (ஆங்கில D) என்றால்தான் தலைவலி. மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பா அறுவடை நேரம், எடைமேடைக்கு வெளியே நெல் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, கணினி திணறுகிறது. ‘டாப்’ அடித்தால் லோட் ஆவரேஜ் (கணினியின் சராசரிச் சுமை) 14, சிபியுவோ சும்மா இருக்கிறது. எடைச்சீட்டுகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கும் நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். முந்தையது முடியாமலே அடுத்தது தொடங்கி, பதினான்கு நிரல்கள் டி நிலையில் கிடந்தன. லினக்ஸ் இப்படிக் காத்திருப்பவற்றையும் லோடில் சேர்த்துவிடும்.

நானும் 9 கொடுத்துப் பார்த்தேன். எந்த நிரலும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது, உண்மைதான். ஆனால் டி நிலையில் இருப்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சாதனத்தின் பதிலுக்காக நிற்கிறது. திரும்பி வந்தால்தான் சாகும். முறைத் தண்ணீருக்கு மதகடியில் நிற்பவரைக் கூப்பிட்டால் வருவாரா? தண்ணீர் வர வேண்டும், அல்லது இந்த முறை இல்லை என்று யாராவது சொல்லிவிட வேண்டும்.

ஹார்ட் டிஸ்கின் கேபிளைப் பிடுங்கினேன். சாதனம் இல்லை என்று பிழை திரும்பியதும், காத்திருந்த 9 வேலையைக் காட்டியது. பதினான்கும் போயின. கேபிளில் எலிப்பல் பதிந்திருந்தது. அரிசி ஆலையில் வேறென்ன எதிர்பார்ப்பது?

இப்போது நகல் நிரலுக்கு ‘ஃப்ளாக்’ என்ற பூட்டுக் கட்டளை போட்டிருக்கிறேன், ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. புதிய கேபிளை எலிக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன்.