கையை எடுக்கலாம், கண்ணை? – கார் கேள்வி-பதில்

ஸ்டீயரிங்கைப் பிடிக்காமலே ஹைவேயில் போகலாம் என்று விற்கப்படும் வசதியைப் பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. நடுவில் சென்னையிலிருந்தும் ஒன்று. இந்த முறை பதில்கள் முழுக்க அதற்கே.

கேள்வி (டாலஸ், டெக்சஸ்): ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ வைத்திருக்கிறேன். அதில் கையை எடுத்து ஓட்ட விடும் புளூக்ரூஸ் வசதியின் இலவசக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. வருடத்தில் நாலைந்து தடவை ஹூஸ்டன் போய்வருவேன். மற்றபடி ஊருக்குள்தான் ஓட்டம். ஆண்டுச் சந்தா 495 டாலர் கட்டலாமா? நம்பலாமா, கூடாதா என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஆண்டுச் சந்தா வேண்டாம், ஹூஸ்டன் போகிற மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். இதுதான் ஒரு வரி. மீதி, கணக்கு.

2024 அக்டோபரில் ஃபோர்டு இந்தச் சந்தாவைக் குறைத்தது. அதுவரை மாதம் 75, ஆண்டுக்கு 800 டாலராக இருந்தது, மாதம் 49.99, ஆண்டுக்கு 495 என்று ஆனது. மொத்தமாக ஒரே தடவை கட்டுவதென்றால் 2,495. அதாவது வருடத்தில் பத்து மாதமாவது நெடும்பயணம் போகிறவருக்குத்தான் ஆண்டுச் சந்தா கட்டுப்படியாகும். உங்களுக்கு ஐந்து மாதம் கட்டினாலும் 250 டாலருக்குள் முடிந்துவிடும். கட்டுவதற்கு முன் அன்றைய விலையை ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இந்த விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை.

இனி நம்பிக்கை விஷயம். ஊருக்குள் ஓட்டுவதற்கு இது உதவாது. நிறுவனம் முன்கூட்டியே வரைபடம் எடுத்து அனுமதித்த, நடுவில் தடுப்புள்ள ஹைவேக்களில்தான் கையை எடுக்க விடும். அங்கேயும் கூர்மையான வளைவு, பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்து கிடக்கிற சாலைப்பணி இடம், கேமராவுக்கு நேராக இறங்கும் மாலை வெயில், கொட்டுகிற மழை, இந்த நான்கில் ஏதாவது ஒன்று வந்தால் கையை வை என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சொந்தக்காரர்கள் பலரும் குறைப்படுவது இதைத்தான். என்னைக் கேட்டால் இது குறையே இல்லை. தனக்குத் தெரியவில்லை என்று நேரத்தோடு சொல்லிவிடுகிற வண்டி நல்ல வண்டி.

பயப்பட வேண்டியது, ஒன்றுமே சொல்லாமல் போகிற வண்டியைப் பார்த்து. 2024 பிப்ரவரி 24 இரவு, உங்கள் மாநிலத்திலேயே, சான் அன்டோனியோவில் ஐ-10 சாலையின் நடு லேனில் ஒரு ஹோண்டா நின்றுபோயிருந்தது. புளூக்ரூஸ் போட்டு வந்த ஒரு மாக்-இ பின்னாலிருந்து மோதியதில் ஹோண்டாவில் இருந்தவர் இறந்தார். அடுத்த வாரமே, மார்ச் 3 அதிகாலை, ஃபிலடெல்ஃபியாவில் ஐ-95 சாலையில் நின்றிருந்த வண்டிகள்மீது இன்னொரு மாக்-இ மோதி இரண்டு பேர் இறந்தார்கள். அந்த இரண்டாவது விபத்தில் ஓட்டுநர் குடித்திருந்ததாக வழக்கும் போடப்பட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ விசாரணை தொடங்கி, 2025 ஜனவரியில் அதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றது. சுமார் 1,29,000 வண்டிகள் அதில் அடக்கம்.

அந்த விசாரணைக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. மணிக்கு 62 மைல், அதாவது கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது, முன்னால் நிற்கும் பொருளுக்கு எதிர்வினை காட்டாதபடிதான் இந்த அமைப்பை வடிவமைத்திருக்கிறார்கள். பாலத்தின் தூண், பெயர்ப்பலகை, ஓரத்து இரும்புத் தடுப்பு எல்லாமே ரேடாருக்கு நிற்கும் பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் வந்து இடித்துவிடுவான். ஆகவே நிற்பதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லி வைக்கிறார்கள். ஹூஸ்டன் போகும் ஐ-45 சாலையில் நீங்கள் 75 மைல் வேகத்தில் போவீர்கள். முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியோடு அது அழகாக இடைவெளி விட்டுப் போகும். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் வண்டியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2023-இல் இதே புளூக்ரூஸுக்கு முதலிடம் கொடுத்தது. 2024 மார்ச்சில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் இதே புளூக்ரூஸை 'மோசம்' என்றது. யார் சொல்வது சரி? இரண்டும் சரி. முதலாமவர்கள் லேனில் எவ்வளவு நன்றாகப் போகிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். இரண்டாமவர்கள் பார்த்தது ஓட்டுநர் அசட்டையாக இருந்தால் வண்டி அவரை எப்படி மடக்குகிறது என்பதை மட்டும். அந்தப் பரிசோதனைக்கு வந்த 14 அமைப்புகளில் 11 'மோசம்'. ஒன்றுக்குக்கூட 'நன்று' கிடைக்கவில்லை. லெக்ஸஸின் ஓர் அமைப்பு மட்டும் 'ஏற்கத்தக்கது' என்று தேறியது.

கேள்வி (சான் ஹோசே, கலிஃபோர்னியா): என் கணவர் டெஸ்லாவில் எஃப்எஸ்டி என்ற தானியங்கி ஓட்டும் வசதியைப் போட்டுவிட்டு அவ்வப்போது போனைப் பார்க்கிறார். கேட்டால், 'கேமரா ஒன்றும் சொல்லலையே, அதுக்குத் தெரியாதா?' என்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்களேன்.

பதில்: அவருக்கே எழுதுகிறேன். சார், அந்தக் கேமராவுக்குத் தெரிவது உங்கள் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்பது மட்டும். மனசு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு ரீகால் அறிவித்து மென்பொருளை மாற்றியது, ஓட்டுநர் கவனத்தை அதன் ஆட்டோபைலட் என்ற ஓட்டு உதவி சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதற்காகத்தான். எஃப்எஸ்டியின் பெயர் முழுத் தானியங்கி என்று இருந்தாலும், 2024-இல் நிறுவனமே அதன் பின்னால் 'கண்காணிப்புடன்' என்ற சொல்லை ஒட்டிவிட்டது. கண்காணிக்க வேண்டியது நீங்கள். மோதினால் பொறுப்பும் உங்களுடையதுதான், கலிஃபோர்னியாவில் கையில் போன் வைத்திருப்பதற்கு அபராதம் தனி.

கண்ணையும் எடுக்கலாம் என்று அந்த மாநிலத்தில் 2023-இல் அனுமதி வாங்கிய கார் மெர்சிடிஸின் டிரைவ் பைலட். அதுவும் குறிப்பிட்ட ஹைவேக்களில், 40 மைல் வேகத்துக்குள், நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): காலியான ரோட்டில் திடீரென்று தானாக பிரேக் போடுகிறது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அந்தத் தொல்லை இல்லாத கார் எது?

பதில்: அறவே இல்லாத கார் என்று எதையும் சொல்ல மாட்டேன். டாலஸ்காரருக்குச் சொன்னதன் மறுபக்கம்தான் இது. நிற்பதற்கெல்லாம் பயந்தால் வெட்டிப் பிரேக், பயப்படாமல் போனால் மோதல். நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் முடிவு செய்கிறது. டெஸ்லா 2021-இல் ரேடாரை எடுத்துவிட்டுக் கேமராவை மட்டும் நம்பத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில், ஒன்பது மாதத்தில் 354 புகார் வந்ததாகச் சொல்லி, சுமார் 4,16,000 டெஸ்லாக்கள் மீது என்எச்டிஎஸ்ஏ விசாரணை வைத்தது. வாங்குவதற்கு முன், மேம்பாலங்களுக்கு அடியில் வரிசையாக நிழல் விழுகிற ஒரு ஹைவேயில் நல்ல வெயில் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். காலை ஆக்ஸிலரேட்டர் பக்கத்திலேயே வைத்திருங்கள். அது காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தால், மெல்ல அழுத்தினாலே பழைய வேகத்துக்கு வந்துவிடலாம்.

கேள்வி (ஸ்கார்பரோ, ஒன்டாரியோ): அண்ணா, எங்கள் எஸ்யூவியில் 401 ஹைவேயில் போகும்போது இந்த வசதி சும்மா சும்மா அணைந்துவிடுகிறது. பனிக்காலத்தில்தான் என்று முதலில் விட்டுவிட்டோம். கல் பட்டுக் கண்ணாடி மாற்றிய பிறகு கோடையிலும் அதே கதை. டீலர் 'இதெல்லாம் இயல்பு' என்று அனுப்பிவிடுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: தம்பி, இது இரண்டு பிரச்சினை. டீலர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்களை அனுப்புகிறார்.

பனிக்காலத்தில் அணைவது இயல்புதான். கோடுகள் பனிக்கு அடியில் இருக்கும், முன்பக்க ரேடாரின் மேல் சேறும் பனியும் அப்பிக்கொள்ளும், கண்ணாடியில் உப்புப் படலம் வேறு. கிளம்புவதற்கு முன் முன்பக்கத்தையும், உள்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிற இடத்தையும் துடைத்தால் கொஞ்சம் பலன் உண்டு. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

கோடையில் அணைவது இயல்பு இல்லை. கேமரா கண்ணாடியை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் அதை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும், கேலிப்ரேஷன் என்பார்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் கோலம் போட்ட மாதிரி ஒரு பலகையைக் குறிப்பிட்ட தூரத்தில் வைத்துச் செய்வது ஒரு வகை. கருவியை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிச் செய்வது இன்னொரு வகை. சில வண்டிகளுக்கு இரண்டுமே தேவை. கண்ணாடிக் கடையில் 'கேலிப்ரேஷன் செய்தீர்களா' என்று கேட்காதீர்கள், செய்தோம் என்றுதான் சொல்வார்கள். 'அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கொடுங்கள்' என்று கேளுங்கள். தேதியும் உங்கள் வண்டி எண்ணும் போட்ட ரிப்போர்ட் இல்லையென்றால், செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பணம் கொடுத்த இன்ஷூரன்ஸிடம் இந்தச் செலவையும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறமும் அணைந்தால், பக்கத்தில் இருப்பவரை டாஷ்போர்டில் வரும் செய்தியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த எக்ஸிட், வெயிலா மழையா என்று குறித்துக்கொள்ளுங்கள். டீலரிடம் விடும் ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சீட்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே பதிவாக வேண்டும், 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு நிறுவனத்திடம் பரிகாரம் கேட்க வைக்கும் 'லெமன் சட்டம்' அமெரிக்க மாநிலங்களைப் போல ஒன்டாரியோவில் கிடையாது. கேம்வேப் என்ற நடுவர் ஏற்பாடு இருக்கிறது, நமக்குக் கட்டணம் இல்லை. எல்லா நிறுவனங்களும் அதில் சேரவில்லை என்பதால் உங்களுடையது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்புக் குறை என்று தோன்றினால் டிரான்ஸ்போர்ட் கனடாவிலும் ஒரு புகார் போட்டு வையுங்கள்.

கேள்வி (சென்னை): மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இல் ஏடாஸ் என்ற ஓட்டுநர் உதவி வசதி இருக்கிறதே. வண்டலூர் தாண்டியதும் கையை எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. அது கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டிய வகை. ஓட்டுநர் சீட்டை விட்டே எழுந்து ரீல்ஸ் எடுத்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதிர்த்திசையில் பைக் வராத ஜி.எஸ்.டி. சாலை அமைந்த பிறகு மறுபடி கேளுங்கள்.

கேள்வி (டெட்ராய்ட் புறநகர், மிச்சிகன்): பழைய கேடிலாக் எஸ்கலேட் ஒன்று விலைக்கு வருகிறது, 2022 மாடல். கையை எடுத்து ஓட்ட விடும் சூப்பர் க்ரூஸ் உண்டு என்கிறார் விற்பவர். அதற்காகக் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். சிப் பஞ்சத்தில், கேடிலாக்கைத் தயாரிக்கும் ஜிஎம் 2022 எஸ்கலேட்டை ஒரு கட்டத்தில் சூப்பர் க்ரூஸ் இல்லாமலே விற்றது. விற்பவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று இல்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஸ்டீயரிங் வட்டத்தின் உச்சியில் ஒரு விளக்குப் பட்டை இருக்கும். அமைப்பு ஓட்டும்போது பச்சை, நீங்கள் பிடித்துத் திருப்பினால் நீலம், உடனே கையை வை என்றால் சிவப்பு. டெஸ்ட் டிரைவில் அந்தப் பச்சையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். ஓட்டும்போது உங்கள் வழக்கமான கூலிங் கிளாஸைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைப் பார்க்கும் கேமரா அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால், சில கண்ணாடிகள் அதைக் குழப்பும்.

அடுத்து சந்தா. புதிதாக வாங்கியபோது வந்த காலம் 2022 வண்டிக்கு அநேகமாக முடிந்திருக்கும். ஜிஎம்மின் சந்தாச் சேவையான ஆன்ஸ்டாருக்குப் போன் போட்டு, இந்த வண்டி எண்ணுக்கு உங்கள் பெயரில் மாதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றும்போது தகவல் பகிர்வு பற்றிய அனுமதிகளை நிதானமாகப் படியுங்கள். ஓட்டுநர்களின் பிரேக், வேகம் பற்றிய விவரங்களை ஆன்ஸ்டார் வழியாக எடுத்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்க்கும் நிறுவனங்களுக்கு ஜிஎம் கொடுத்தது 2024-இல் வெளியே வந்தது. அந்தத் திட்டத்தை நிறுவனம் மூடிவிட்டது. 2025 ஜனவரியில் மத்திய வணிக ஆணையம் அப்படிப்பட்ட பகிர்வுக்கு ஐந்தாண்டுத் தடை போட முன்வந்தது. முந்தைய சொந்தக்காரரின் கணக்கு இன்னும் வண்டியில் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே அவரையே அதை நீக்கச் சொல்லுங்கள். பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.