மூட்டை தூக்குபவர்களுக்கு இடுப்பு பிடிக்காமல் இருக்க பெல்ட்டும் பயிற்சியும் போதுமா?

வணக்கம். உங்கள் உரக்கடையில் மூட்டை தூக்கும் இருவருக்கு அடுத்தடுத்து இடுப்பு பிடித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் இடுப்புப் பெல்ட் வாங்கிக் கொடுத்து, முழங்காலை மடக்கித் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் உரம் அனுப்பும் ஒரு கிடங்கின் பொறுப்பாளராக இதைச் சொல்கிறேன். தூக்குகிறவரைத் திருத்துவதைவிட, அவர் எதை, எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு அவசரத்தில் தூக்குகிறார் என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகில் காயம் இல்லாதவர்களுக்குப் பாதுகாப்புக் கருவியாக அதைப் பரிந்துரைக்க இயலாது என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. பெரிய சில்லறைக் கடைகளின் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலும், பெல்ட் அணிந்ததால் முதுகுக் காயமோ முதுகுவலியோ குறைந்ததாகத் தெரியவில்லை. தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தாலே முதுகுவலியைத் தடுத்துவிடலாம் என்பதற்கும் போதிய சான்று இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டு மறு ஆய்வு கூறுகிறது. பயிற்சி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள்; பயிற்சியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

காரணத்தை உரமூட்டையிலேயே பார்க்கலாம். முழங்காலை மடக்கித் தூக்க வேண்டுமானால் சுமை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே வர வேண்டும். 50 கிலோ மூட்டை அகலமானது, தொளதொளவென்று தொய்வது, பிடி இல்லாதது. அதன் இரண்டு மூலைகளையும் கொத்தாகப் பிடித்து இழுத்துத்தான் தூக்க முடியும். எனவே எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் கைகள் முன்னால் நீள, முதுகு வளையவே செய்யும். முதுகைத் தாங்கும் தசைகள் தண்டுவட வட்டிலிருந்து (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கின்றன. சுமை அதே வட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், தசைகள் சுமையின் எடையைப் போல் பத்து மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்த மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை. அந்த விசை முழுவதும் கீழ்முதுகின் வட்டுகளை அழுத்துகிறது. அதே நிலையில் உடம்பைத் திருப்பினால் ஆபத்து இன்னும் கூடும்.

இதனால்தான் ‘ஒருவர் எத்தனை கிலோ தூக்கலாம்’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் தரும் முதற்கட்ட வழிகாட்டு அளவுகளின்படி, உடம்போடு ஒட்டி இடுப்பளவில் தூக்கும்போது ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதே சுமை தரைமட்டத்தில் இருந்தால் 10 கிலோவும் 7 கிலோவும்தான்; கையை நீட்டித் தரையிலிருந்து எடுத்தால் 5 கிலோவும் 3 கிலோவும்தான். இவையும் எப்போதாவது தூக்குவதற்கான அளவுகள். நிமிடத்துக்கு ஐந்து முதல் எட்டு முறை தூக்குபவருக்கு இவற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். 50 கிலோ மூட்டை இந்தக் கணக்கில் எங்கும் அடங்கவில்லை என்பதை நீங்களே பார்க்கலாம். இருவர் சேர்ந்து தூக்கினாலும் தீராது, ஏனென்றால் இருவரின் கூட்டுத் திறன் தனித்தனித் திறன்களின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஆகவே மூட்டையைத் தரையில் வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். சரக்கு அடுக்கும் காலி மரத்தட்டுகள் (பேலட்) நான்கைந்தை ஆட்டம் இல்லாமல் அடுக்கி, அதன்மேல் விற்பனைக்கான மூட்டைகளை வைத்தால், கீழ்வரிசை மூட்டைகூட முழங்காலுக்கு மேலே வந்துவிடும். அதிகம் விற்கும் உரத்தை வாசலுக்கு அருகில் இடுப்பளவில் வையுங்கள். தலைக்கு மேல் எதையும் அடுக்க விடாதீர்கள். சிறிய லோரியின் தளமும் ஏறக்குறைய இடுப்பளவுதான் என்பதால், அதைப் பின்பக்கமாக அடுக்கின் ஓரத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினால், மூட்டையைத் தூக்காமல் இழுத்துச் சறுக்கியே ஏற்றலாம். எங்கள் கிடங்கில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது இந்த ஒன்றுதான். உள்ளே நகர்த்துவதற்குக் கைத்தள்ளுவண்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் சக்கரத்தில் காற்று இருக்கிறதா, தரையில் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வண்டி மூலையில் கிடக்கும், மூட்டை தோளில் ஏறும். 25 கிலோ மூட்டையில் கிடைக்கும் உரத்தை, சற்று விலை கூடினாலும், அதிலேயே வாங்குங்கள்.

நேரமும் கூலியும் அதே அளவு முக்கியம். படுத்திருக்கும்போது தண்டுவட வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அவற்றுக்கு அதிக அழுத்தம் தரும். விடிவதற்குள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்கும் தோட்டங்களிலும், முதல் லோரி அதிகாலையில் வரும் நம் கடைகளிலும் கனமான வேலையைச் சற்றுத் தள்ளிவைப்பது பெரிய சிரமம் இல்லை. ஒரு டன் ஏற்றினால் இவ்வளவு என்று கூலி கொடுத்தால் யாரும் தள்ளுவண்டியைத் தேடிப் போகமாட்டார்கள். அந்த ஏற்பாட்டை மாற்றாமல் அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். வேலையில் உள்ள ஆபத்தையும் மதிப்பிட வேண்டும். மூட்டை தூக்கும் இருவரையும் அந்த மதிப்பீட்டில் உட்கார வையுங்கள். எந்த அடுக்கு வலிக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இடுப்பு பிடித்த அந்த இருவரின் விபத்தையும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவித்தீர்களா? முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் இத்திட்டத்தில் இருக்கிறார்கள். சாதாரணப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட மெல்ல நடமாடுவது நல்லது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.