பஸ் ஒரு பக்கம் சாய்கிறது, ஸ்டீயரிங்கும் இழுக்கிறது. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஏர் சஸ்பென்ஷன் பஸ் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பலூன்கள் தாங்கும் வண்டி) என்றால் உயரத்தைப் பார்க்காமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண் வேலை. உயரம் மாறினால் டிராக் லிங்க் (ஸ்டீயரிங் கியர்பாக்ஸிலிருந்து முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பி) நிற்கும் கோணமும் மாறும், ஸ்டீயரிங் நேராக நிற்காது.

முதலில் டயர் காற்று. அப்புறம் சமதரையில் நிறுத்தி, டேங்கில் காற்று முழுவதும் ஏறியபின், தயாரிப்பாளர் சொன்ன இடங்களில் டேப் வைத்து உயரத்தை அளந்து பாருங்கள். இரவு நிறுத்தியபோது சரியாக இருந்து காலையில் ஒரு மூலை இறங்கியிருந்தால் கசிவு; பலூனின் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்தால் தெரிந்துவிடும். எப்போதுமே சாய்ந்திருந்தால், பலூனில் காற்றை ஏற்றி இறக்கி உயரத்தைச் சரியாக வைக்கும் லெவலிங் வால்வுதான் முதல் சந்தேகம். அதன் கைப்பிடியை ஆக்ஸிலோடு இணைக்கும் ராடைக் கழற்றி, கைப்பிடியைக் கையால் மேலே தூக்கினால் காற்று ஏற வேண்டும், கீழே இறக்கினால் வெளியேற வேண்டும், நடுவில் வைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நடுவில் வைத்தும் எக்ஸாஸ்ட் துளையில் காற்று சீறினால் வால்வை மாற்றுங்கள். பல வண்டிகளில் வால்வு நன்றாகவே இருக்கும், ராடு வளைந்திருக்கும், அவ்வளவுதான்.

இதைச் செய்யும்போது சேஸிக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். பலூன் இறங்கினால் வண்டியும் உங்கள் மேல் இறங்கும்.

உயரம் சரி, இழுப்பு மட்டும் நிற்கவில்லையா? டிரைவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரே பக்கமா இழுக்கிறது? எங்களிடம் வந்த ஒரு பஸ்ஸுக்கு இரண்டு முறை அலைன்மென்ட் செய்து, டை ராடு எண்டும் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) மாற்றியிருந்தார்கள். மிதித்தால் இடது, விட்டால் வலது என்றார் டிரைவர். நான் முன் பக்கமே போகவில்லை. பின் ஆக்ஸிலை முன்பின் நகராமல் சேஸியோடு பிடித்திருக்கும் இடது ரேடியஸ் ராடின் ரப்பர் புஷ்ஷைச் சுற்றிச் செம்மண் போலத் துருப்பொடி படிந்திருந்தது. லீவர் போட்டு நெம்பியதும் ராடு முன்னும் பின்னும் ஆடியது. ரப்பர் கிழிந்து, ஆக்ஸிலே கொஞ்சம் திரும்பி, பின்னாலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது.

எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று டிரம்மின் சூட்டைப் பாருங்கள். ஸ்டீயரிங் கனமாக இருந்தால் உடனே பவர் ஸ்டீயரிங் பம்பைக் குறை சொல்ல வேண்டாம். முன் சக்கரங்களைத் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் இடமும் வலமுமாகத் திருப்புங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது. லேசாகத் திரும்பினால் மட்டும் பம்புக்கும் ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்கும் போங்கள்.