தினமும் ஃபார்மசியா, மாதம் ஒரு ஊசியா?

கேள்வி: எனக்கு வயது 34. மெல்பர்னில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முதுகில் அடிபட்டபோது கொடுத்த என்டோன் (ஆக்ஸிகோடோன்) என்ற வலி மாத்திரையில் ஆரம்பித்தது, விட முடியாமல் போய்விட்டது. இப்போது இரண்டு வருடமாக, அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக சபாக்ஸோன் ஃபிலிம் (வாயில் கரையும் மெல்லிய தாள் போன்ற மருந்து), தினம் 16 மி.கி. வாரத்தில் ஐந்து நாள் ஃபார்மசியில் நின்று அவர்கள் கண் முன்னால் நாக்கின் கீழ் வைக்க வேண்டும். ஒருநாள் எங்கள் ஊர் அக்கா ஒருவர் பார்த்துவிட்டார். டாக்டர் மாத ஊசிக்கு மாறச் சொல்கிறார். போட்டபின் வெளியே எடுக்க முடியாது என்பதுதான் என் பயம். அம்மா, "இப்ப ஊசியாலயும் ஏத்தப் போறியா?" என்று அழுகிறார். தை மாதம் தங்கையின் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் ஊருக்குப் போக வேண்டும். மாறலாமா?
– பெயர் வேண்டாம், மெல்பர்ன்

பதில்: மாறலாம். ஆனால் அந்த அக்கா பார்த்துவிட்டார் என்பதற்காக மட்டும் மாறாதீர்கள்.

அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊசியில் இருப்பது புதிய மருந்து கிடையாது. இரண்டு வருடமாக உங்கள் நாக்கின் கீழ் கரைகிறதே, அதே புப்ரனார்ஃபின்தான். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்த வேலையைத்தான் இது மூளையில் செய்கிறது. ஆக்ஸிகோடோனோ ஹெராயினோ பின்னால் ஏறி வந்தாலும் உட்கார இடம் அவ்வளவாக இருக்காது. துண்டு கிடப்பதால் ஏக்கமும் உடம்பு உளைச்சலும் அடங்கும். அது வெறும் துண்டு என்பதால் போதை தலைக்கேறாது. அம்மாவுக்கு இதை நீங்கள் சொல்வதைவிட, அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

ஆஸ்திரேலியாவில் இந்த வகையில் இரண்டு ஊசிகள் புழக்கத்தில் உள்ளன. புவிடால் வார ஊசியாகவும் மாத ஊசியாகவும் கிடைக்கும். சப்லோகேட் மாதத்துக்கு ஒன்று. இரண்டையும் தோலுக்கு அடியில்தான் போடுவார்கள், நரம்பில் (ரத்தக் குழாயில்) அல்ல. உள்ளே போன மருந்து கெட்டியாகி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். அதனால்தான் இதை மருத்துவர், நர்ஸ் போன்ற பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போடுகிறார்கள், வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை. தப்பித் தவறி நரம்பில் போனால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் 16 மி.கி. ஃபிலிமுக்கு ஈடாக வழக்கமாகக் கொடுப்பது புவிடாலில் மாதம் 96 மி.கி. அளவு 0.27 மில்லிதான், கால் டீஸ்பூன்கூட வராது. மேல்கை, தொடை, வயிறு, பிட்டம் என எங்கும் போடலாம். ஓரிரு நிமிடம் எரியும். சிலருக்குச் சில நாள் சிறு கட்டி கைக்குத் தட்டுப்படும். அதை அமுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

மருந்தைப் பற்றி இவ்வளவு போதும். மாறியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில் எல்லோரும் சொல்வது காலைப் பொழுதைப் பற்றி. ஃபார்மசி திறக்கும் நேரத்தைப் பார்த்து ஷிஃப்ட் வாங்க வேண்டாம். ஷாம்பு வாங்க வந்தவர் பின்னால் நிற்க, வாயைத் திறந்து ஃபிலிம் கரைந்துவிட்டதா என்று காட்ட வேண்டாம். "நான் ஒரு நோயாளி என்பதே மாதத்தில் 29 நாள் மறந்துபோகிறது" என்றார் ஒருவர்.

ஆனால் வேறொருவர் ஊசி போட்ட பிறகும் இரண்டு வாரம் காலை எட்டரைக்கு அதே ஃபார்மசிக்குப் போய் சூயிங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். வேறு எங்கு போவதென்று தெரியவில்லையாம். தினமும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அந்த ஃபார்மசிஸ்ட் ஒருவர்தான். அந்த வரிசை அவமானமாக இருந்தது உண்மை, ஒரு நாளைக்குப் பிடிமானமாக இருந்ததும் உண்மை. உங்களுக்கு வேலை இருக்கிறது, வீட்டில் அம்மா இருக்கிறார். ஆனாலும் அந்தக் காலைகளை எப்படிக் கழிப்பீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

அடுத்து, நீங்கள் பயப்படும் விஷயம். ஆமாம், போட்டால் போட்டதுதான். ஃபிலிம் என்றால் தினமும் "இன்றைக்கு வைப்பதா, வேண்டாமா" என்று ஒரு முடிவு உங்கள் கையில் இருக்கிறது. இரவில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் ஃபிலிமைத் தவிர்த்து, பழைய இடத்துக்குப் போனவர்கள் உண்டு. அப்படி ஒரு முறை சறுக்கியவர்கள் ஊசியை விரும்புகிறார்கள். முடிவு எடுக்க வேண்டியது மாதத்தில் ஒரே ஒரு நாள்தானே. மாறாக, தன் மருந்து தன் கையில் இருந்தால்தான் தூக்கம் வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. நீங்களும் யார் வற்புறுத்தலுக்கும் இணங்க வேண்டாம், அது உங்கள் டாக்டராகவே இருந்தாலும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: வார ஊசி. உங்கள் அளவுக்கு அது 24 மி.கி. வரும்; ஒத்துவரவில்லை என்றால் ஒரு வாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் அப்படிப் பார்த்துவிட்டு மாத ஊசிக்குப் போங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் கேட்பேன். கடைசி ஃபிலிம் வியாழன், முதல் ஊசி வெள்ளி என்று வைத்துக்கொண்டால், தூக்கக் கலக்கமோ தலைவலியோ வருகிறதா என்று சனி ஞாயிறில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு இது முக்கியம்.

மாத ஊசியின் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் நான்காவது வாரம் சிலருக்கு மருந்து குறைவது லேசாகக் காட்டும். கொட்டாவி, வியர்வை, கால் இழுப்பு. "மருந்து தீர்ந்துவிட்டது" என்று பதறி வெளியே தேட வேண்டாம். கிளினிக்குக்குப் போன் செய்தால் நடுவில் 8 மி.கி. ஒன்று கூடுதலாகப் போட வழி உண்டு. நான்காவது ஊசி வாக்கில் ரத்தத்தில் அளவு நிலைப்பட்டுவிடும், அப்புறம் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். மலச்சிக்கல்? அது ஃபிலிமில் எப்படியோ இதிலும் அப்படித்தான்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2023 ஜூலை 1 முதல் இந்த மருந்துகளும் மற்ற மருந்துகளைப் போல பி.பி.எஸ். (அரசு மருந்து மானியத் திட்டம்) கட்டணத்தில் வந்துவிட்டன. தினசரி ஃபார்மசிக் கட்டணம் என்ற பழைய கணக்கில் யாராவது உங்களிடம் பணம் கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

ஊசி உடம்பில் இருக்கும்வரை மதுவோ, தூக்க மாத்திரையோ, டயஸிபாம் வகைப் பதற்ற மாத்திரையோ சேர்த்தால் மூச்சு மந்தமாகும். அறுவை சிகிச்சை, பல் பிடுங்கல், விபத்து எதுவானாலும் "எனக்கு மாத புப்ரனார்ஃபின் ஊசி" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். இப்படிப்பட்ட மருந்து அளவு மீறி மூச்சு அடங்கும்போது அடிக்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே ஆஸ்திரேலியாவில் மருந்துச் சீட்டு இல்லாமல் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்று வாங்கி வீட்டில் வைத்து, எப்படி அடிப்பது என்று அம்மாவுக்குக் காட்டுங்கள். ஒருநாள் ஊசியை நிறுத்தினால் மருந்து பல வாரங்களாக மெதுவாக இறங்கும். அப்போது பழைய அளவு ஆக்ஸிகோடோனை உடம்பு தாங்காது. நிறுத்தும் தேதியைத் தனியாக முடிவு செய்யாதீர்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். பையில் 35 நாள் ஃபிலிமும், அதற்கு டாக்டர் கடிதமும், விமான நிலையத்தில் விளக்கமும் என்று போவதைவிட ஊசி எவ்வளவோ மேல். மாத ஊசியைக் கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் போடலாம். புறப்படுவதற்கு முந்தைய நாள் போட்டால், திரும்பி வந்து ஐந்தாவது வாரம் முடிவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடலாம். ஆனால் முதல் மாத ஊசியோடு இந்தப் பயணம் வேண்டாம். அந்த நான்காவது வாரக் கதையை மாப்பிள்ளை வீட்டில் அனுபவிக்கக் கூடாது. மாத ஊசிகள் குறைந்தது மூன்று முடிந்திருக்க வேண்டும். தை மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, முதல் வார ஊசிக்கு இப்போதே நாள் குறியுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டை மட்டும் ஊசி போட்டதிலிருந்து 33ஆம் நாளுக்குப் போடுங்கள், விமானம் தாமதமானாலும் இரண்டு நாள் கையில் இருக்கும்.